பயர்வால் லாக்ல 443லேர்ந்து வர்ற பாக்கெட், இது ஸ்கேனா இல்ல வேற எதுவுமா?

மக்களே, கொஞ்சம் குழப்பமா இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க. சின்ன உபுண்டு சர்வர் ஒண்ணு, யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவோட பயர்வால் டூல்) போட்டு 22, 80, 443 போர்ட் மட்டும் திறந்து வச்சிருக்கேன். 23, 3389, 6379னு மத்த போர்ட்ட வந்து தட்டிட்டுப் போறதெல்லாம் உலகத்துல எல்லா சர்வருக்கும் வர்ற பாட் கூட்டம், அத நான் கண்டுக்கறதே இல்ல.

என் பிரச்சனை வேற. ரெண்டு நாளா பிளாக் ஆன வரிகள்ல சோர்ஸ் போர்ட் 443, என் பக்கம் 40000க்கு மேல ஏதோ ஒரு போர்ட், ஃப்ளாக் (பாக்கெட் எந்த வகைன்னு சொல்ற குறி) பாத்தா முக்காவாசி ஏக்கும் (கிடைச்சுதுன்னு சொல்றது) ஃபின்னும் (முடிச்சுக்கலாம்னு சொல்றது), சிலது ஆர்எஸ்டி (பட்டுன்னு துண்டிக்கறது), சின் (கனெக்ட் பண்ண முதல்ல அனுப்பறது) பாக்கெட் ஒண்ணு கூட இல்ல. புதுசா கனெக்ட் பண்றவன் சின் இல்லாம எப்படி வருவான்? அதனால என் சர்வரே வெளிய போய் பேசின கனெக்‌ஷனோட வால்தான் இதுன்னு தோணுது, அதாவது இங்க கான்ட்ராக் என்ட்ரி (யாரோட பேசிட்டு இருக்கோம்னு கெர்னல் வச்சிருக்கற பதிவு) காலாவதி ஆயிடுது (ஒரு பக்கம் மட்டும் முடிச்சிட்ட க்ளோஸ் வெயிட் நிலைக்கு டீஃபால்ட் 60 செகண்ட்தான்), அப்புறம் அந்தப் பக்கத்துலேர்ந்து ஆடி அசைஞ்சு வர்ற ஃபின் பாக்கெட்ட பயர்வால் யாரோ எவரோன்னு நெனச்சு தள்ளி விடுது. சரிதானே?

ஆனா நேத்து ராத்திரி சம்பந்தமே இல்லாத ஐபிலேர்ந்து சின்-ஏக் (சின்னுக்கு வர்ற பதில் பாக்கெட்) கொஞ்சம் வந்திருக்கு. நான் கூப்பிடாமயே பதில் எப்படி வரும்? எவனாவது என் ஐபிய போலியா போட்டு அங்க சின் அடிக்கறானா, இல்ல என் மெஷினுக்குள்ளயே எதாவது உக்காந்திருக்கா? டிசிபிடம்ப் (பாக்கெட்ட பிடிச்சு காட்டற டூல்) ஓட விட்டு வெளிய போற சின் பாக்கெட்ட மட்டும் பாத்துட்டு இருக்கேன், இதுவரைக்கும் ஒண்ணும் மாட்டல. வேற எங்க தேடணும்? லாக் வேணும்னா ஐபிய மறைச்சு போடறேன்.