பழைய மாஸி 1035 டிராக்டர்: முதல்ல இன்ஜினா, பிரேக்கா?

கல்லல்_விவசாயி:
அப்பா ஓட்டின வண்டி, மூணு சிலிண்டர். காலையில ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குது. நீலப் புகை, ஆயில் குறையுது. தூக்கி நிறுத்தின கலப்பை தானா இறங்குது. வலது பிரேக் பிடிக்கவே இல்லை, ஸ்டியரிங்ல ஆட்டம். கையில 40,000 ரூபாய்தான். இன்ஜின் வேலைக்கே அது பத்தாதுன்னு மெக்கானிக் சொல்றார். புரட்டாசிக்குள்ள புழுதி உழவு முடிச்சு விதைக்கணும். எதை முதல்ல பார்க்க?

தேவகோட்டை_டீசல்:
தம்பி, ஆயில் எரியுது, பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு. கடன் வாங்கியாவது லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் மாத்திடுங்க. தள்ளிப்போட்டு கிராங்க், அதாவது இன்ஜினோட சுழல் தண்டு, போச்சுன்னா செலவு எங்கேயோ போயிடும். உழவுல பிரேக்குக்கு என்ன வேலை? கிளட்ச்சை மிதிச்சா வண்டி நிக்கும்.

கண்மாய்க்கரை:
அண்ணே, வயலுக்குப் போறதே தார் ரோட்டுலதானே. ரோட்டுல ரெண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டி மிதிக்கிறோம். இடது மட்டும் பிடிச்சா வண்டி இடப்பக்கம் இழுக்கும், பின்னால எரு ஏத்தின டிரெய்லர் தள்ளும், குடை சாஞ்சிடும். மட்கார்டுல பிள்ளைகளை உட்கார வச்சுக்கிட்டு வர்ற ஊர் நம்ம ஊர். எனக்கு பிரேக்கும் ஸ்டியரிங்கும்தான் முதல்ல.

தேவகோட்டை_டீசல்:
நடு உழவுல இன்ஜின் நின்னா? ஈரம் கிடைச்ச அன்னைக்கு ஊரே வாடகை வண்டி தேடும். வெள்ளாமையே போயிடும்.

கண்மாய்க்கரை:
அது நியாயம்தான். ஆனா கிராங்க் தாங்குமான்னு புகை சொல்லாது, ஆயில் பிரஷர்தான் சொல்லும். தம்பி, வண்டி சூடான பிறகு ஆயில் பிரஷர் மீட்டர் முள் எங்க நிக்குது?

கல்லல்_விவசாயி:
மீட்டர் வேலை செய்யலைங்க.

கண்மாய்க்கரை:
அப்ப முதல் செலவு அதுதான், சின்னச் செலவு. நல்லா உழுது சூடாக்கிட்டுப் பாருங்க. முள் இறங்காம நின்னா, ஆயில் ஊத்தி ஊத்தி இந்தப் போகத்தை ஓட்டிடலாம். விழுந்தா அண்ணன் சொன்னதுதான், அதுக்கு மேல ஓட்டாதீங்க. ஏர் கிளீனர் கிண்ணத்தையும் கழட்டிப் பாருங்க. கோட்டுக்கு மேல ஆயில் ஊத்தியிருந்தா, இன்ஜின் அதை உறிஞ்சியே நீலமா புகையும்.

சாக்கோட்டை_ராசு:
பின் ஹவுசிங் (பின்பக்க கியர் பெட்டி) ஆயிலை யாரும் கேக்கலையே? கலப்பையைத் தூக்குற ஹைட்ராலிக் பம்ப் அந்த ஆயில்லதான் முங்கிக் கிடக்கு. அளவுக் குச்சியை உருவிப் பாருங்க. மோர் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி இறங்கியிருக்கு, கேஜ் வீல் (சேத்து உழவு இரும்புச் சக்கரம்) போட்டு சேத்துல ஓட்டின வண்டிக்கு அது சகஜம். ஆயிலை மாத்தாம புது பம்ப் போட்டா அதுவும் சீக்கிரம் போயிடும். ஏறின கலப்பை இறங்குதுன்னா பெரும்பாலும் பம்ப் இல்லை, லிப்ட் சிலிண்டர் சீல், ஆயில் கசியாம தடுக்கிற வளையம். வலது பிரேக்கும் ஆக்சில் சீல் கசிஞ்சு பிரேக் லைனிங் ஆயில்ல நனைஞ்சதாத்தான் இருக்கும். சீலை விட்டுட்டு லைனிங் மட்டும் மாத்தினா மறுபடியும் நனையும்.

தேவகோட்டை_டீசல்:
சரி, மீட்டர் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. முள் நின்னாலும் தை அறுவடைப் பணம் வந்ததும் இன்ஜினை இறக்கிடணும். அதுல நான் மாற மாட்டேன்.

கல்லல்_விவசாயி:
நாளைக்கு மீட்டர் மாட்டிட்டு வலது வீலைக் கழட்டுறோம். லைனிங் நனைஞ்சிருக்கான்னு போட்டோ போடுறேன். சீல் ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்திடவா?