கோப்புகளைத் தேடவும் அடுக்கவும் நல்ல மென்பொருள் எது? (அவசரம்)

கரைவலை, மண்டபம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் படகு உரிமையாளர் சங்க அலுவலகக் கணினியில் கோப்புகள் மலைபோல் குவிந்துவிட்டன. கணினியுடன் வந்த கோப்பு உலாவியில் ஒரு கோப்புறையைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் எந்தப் படகுக்கு உரியது என்பது திறந்து பார்த்தால்தான் தெரிகிறது. இதைவிட நல்ல மென்பொருள் எது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள். இலவசமாக இருந்தால் நல்லது. மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் மீன்வளத் துறையினர் படகு ஆய்வுக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாக வேண்டும்.

இருபலகை, இராமேஸ்வரம்

தயங்காமல் டபுள் கமாண்டரை நிறுவிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு கோப்புறையும் வலப்பக்கம் இன்னொன்றும் எப்போதும் திறந்தே இருப்பதால், எதை எங்கே நகர்த்துகிறோம் என்ற குழப்பமே எழாது. கன்ட்ரோல்-பி அழுத்தினால் உட்கோப்புறைகளில் கிடக்கும் எல்லாக் கோப்புகளும் ஒரே பட்டியலாக விரியும். கன்ட்ரோல்-எம் அழுத்தினால் நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே மூச்சில் பெயர் மாற்றலாம். டோட்டல் கமாண்டரிலும் இதே விசைகள்தாம். ஆனால் அதை 30 நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். இரட்டைப் பலகைக்குப் பழகியவர் ஒற்றைச் சாளரத்துக்குத் திரும்பியதை நான் பார்த்ததில்லை.

உப்புக்காற்று, இராமநாதபுரம்

மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். விண்டோஸ் எந்தப் பதிப்பு? கோப்புகள் கணினிக்குள்ளேயே இருக்கின்றனவா, வெளி ஹார்ட் டிஸ்க்கிலா? ஏறத்தாழ எத்தனை? படங்களா, ஆவணங்களா?

வெளி ஹார்ட் டிஸ்க் என்றால் முதலில் யுஎஸ்பி கம்பியைக் கழற்றி அதன் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்து எங்கள் கடைக்குப் பழுது பார்க்க வரும் கம்பிகள் பலவற்றில், முனைக்குள் இருக்கும் பொன்னிறத் தகடுகளின் ஓரத்தில் பச்சையாகப் பொருக்கு ஏறியிருக்கும். கடற்காற்றின் வேலை அது. இணைப்பு விட்டுவிட்டு வந்தால் எந்த மென்பொருளைப் போட்டாலும் பச்சைக் கோடு ஊரத்தான் செய்யும்.

நார்ட்டன்காலம், பரமக்குடி

1986இல் நார்ட்டன் கமாண்டர் வந்தபோதே இரட்டைப் பலகை வந்துவிட்டது. அதை நேற்றுக் கண்டுபிடித்தவர்போல் இங்கே ஒருவர் பரிந்துரைக்கிறார், போகட்டும்.

கேள்வி கேட்டவருக்குச் சொல்கிறேன். தேடுவது, அடுக்குவது, திறக்காமலே பார்ப்பது, பெயர் மாற்றுவது ஆகிய நான்கும் வெவ்வேறு வேலைகள். எந்த வேலையில் சிக்கல் என்று சொல்லாமல் 'நல்ல மென்பொருள்' என்று கேட்பவருக்கு, அவரவர் தமக்குப் பிடித்ததைத்தான் சொல்லுவார்கள். இதே கேள்விக்கு இங்கே முன்பே விரிவாக விடை எழுதியிருக்கிறேன். தேடிப் படித்தால் போதும். கோப்பையே தேடி எடுக்க முடியாதவர் பழைய விடையை எப்படித் தேடி எடுப்பார் என்பது வேறு கேள்வி.

கரைவலை, மண்டபம்

விண்டோஸ் 10. வெளி ஹார்ட் டிஸ்க்தான். பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப். படகுப் படங்களும் உண்டு. கம்பியை மாற்றிப் பார்த்தேன், அதே வேகம்தான். அலுவலகத்துக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள், பிறகு எழுதுகிறேன்.

ஒளிப்பெட்டி, கீழக்கரை

உப்புக்காற்று காக்கா சொல்வதைத் தள்ளிவிட முடியாது என்றாலும், இங்கே காரணம் வேறாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஸ்டூடியோ வேலையில் இந்தப் பச்சைக் கோட்டோடு நெடுநாள் பழகியவன் என்பதால் எழுதுகிறேன்.

விண்டோஸ், ஒரு கோப்புறையில் படங்கள் கலந்திருப்பதைக் கண்டால், அதைப் படங்களுக்கான கோப்புறை என்று தானாகவே முடிவு செய்துகொள்வதுண்டு. அதன்பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் சிறுபடம் உருவாக்கவும், படம் எடுத்த தேதியை உள்ளே புகுந்து படிக்கவும் முற்படும். கோப்புறையின் மீது வலது கிளிக் செய்து, பண்புகளில் 'கஸ்டமைஸ்' பகுதிக்குச் சென்று, 'பொதுவான கோப்புகள்' என்பதைத் தேர்ந்து, உட்கோப்புறைகளுக்கும் இதுவே பொருந்தும் என்ற கட்டத்தில் குறியிடுங்கள். பிறகு பட்டியலை 'தேதி' என்ற நெடுவரிசையால் அல்லாமல் 'மாற்றிய தேதி' என்ற நெடுவரிசையால் அடுக்குங்கள். புதிய மென்பொருள் எதுவும் இல்லாமலே வேகம் கூடும்.

தேடுவதற்கு வாய்ட்டூல்ஸின் எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருளுக்கு இணை இல்லை. என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்த டிஸ்க்கில் எல்லாக் கோப்புகளின் பெயர்களும் ஒரே அட்டவணையில் பதிந்திருக்கும். எவ்ரிதிங் கோப்புறை கோப்புறையாக ஏறி இறங்காமல் அந்த அட்டவணையையே நேராகப் படித்துவிடுவதால், பெயரில் ஒரு பகுதியை அடிக்கும்போதே விடை வந்து நிற்கும். டிஸ்க் எக்ஸ்பேட் முறையில் இருந்தால் அந்தக் குறுக்குவழி கிடையாது. அமைப்புகளில் அந்தக் கோப்புறையைத் தனியாகச் சேர்த்து, அது ஒருமுறை முழுவதும் படித்து முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். உங்கள் டிஸ்க் எந்த முறை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், கோப்புறை என்ற ஏற்பாடே போதாது. ஒரே படகின் காப்பீடு, பதிவுச் சான்று, மானிய டீசல் புத்தகம் ஆகியவற்றைப் படகுவாரியாக வைப்பதா, ஆண்டுவாரியாக வைப்பதா? அடையாளச் சொற்களை ஒட்டி வைத்தால் இரண்டு வழியிலும் எடுக்கலாம். படங்களுக்கு டிஜிகாம் இதைச் செவ்வையாகச் செய்கிறது; அதுவும் இலவசம்.

நார்ட்டன்காலம், பரமக்குடி

அடையாளச் சொல் ஒட்டுவதற்கு ஒவ்வொரு கோப்பையும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை உள்ளவர் கோப்பின் பெயரையே ஒழுங்காக வைத்துவிட்டுப் போவார். ஒழுங்கான பெயர் என்றால் ஆங்கிலப் பெயர். தமிழில் பெயர் வைத்த கோப்புகளைப் பழைய ஜிப் கருவியில் கட்டி அனுப்பினால் மறுமுனையில் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேருகின்றன.

அலைபேசா, தேவிபட்டினம்

இதற்கு நான் மறுப்பு எழுதியாக வேண்டும். நான் பள்ளி ஆசிரியை; மாணவர் ஆவணங்களைத் தமிழ்ப் பெயர்களிலேயே வைத்திருக்கிறேன், தடையின்றி நடக்கிறது. பெயர்கள் கேள்விக்குறியாவது அந்தப் பழைய ஜிப் கருவியின் குறை. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறிமுறையான யூனிகோடு அறிந்த கருவியில் அது நேராது.

தமிழ்ப் பெயர்களில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று, அதை யாரும் சொல்லவில்லை. ஒகர, ஓகார உயிர்மெய்களை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம். 'தொ' என்பதைத் தகரமும் ஒரே ஒகரக் குறியுமாகவும் எழுதலாம். தகரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் விண்டோஸ் இவற்றை இரண்டு வெவ்வேறு பெயர்களாகவே எண்ணுகிறது. ஆகவே 'தொண்டி' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே இருக்க முடியும். ஒரு வகையில் தட்டச்சு செய்து தேடினால் இன்னொரு வகையில் இருப்பது அகப்படாமல் போகலாம். மாக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்புகளில் இந்தத் தொல்லையைக் காணலாம். நம் கரையில் தொண்டி, சோளியக்குடி, மோர்ப்பண்ணை, தனுஷ்கோடி என்று இந்த எழுத்துள்ள ஊர்களுக்குக் குறைவில்லை. தேடி வரவில்லை என்றால் 'மோர்ப்பண்ணை' என்று முழுவதும் அடிக்காமல் 'பண்ணை' என்று மட்டும் அடித்துப் பாருங்கள்.

பனைநிழல், சாயல்குடி

டீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லினக்ஸில் வழக்கமான கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுதான் இடம். யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு ஆகிறது. 'இராமநாதபுரம்' என்று எழுதினாலே 36 பைட்டு போய்விடும். விண்டோஸில் இந்தக் கணக்கு வேறு. ஆனால் அங்கே கோப்புறை வழி முழுவதும் சேர்த்து 260 எழுத்து என்ற பழைய எல்லை பல மென்பொருள்களில் இன்னும் இருக்கிறது. கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிக்கொண்டே போகிறவர்கள் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். என் பரிந்துரை லினக்ஸும் அதில் இயங்கும் டால்ஃபின் கோப்பு உலாவியும்தான். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது.

நார்ட்டன்காலம், பரமக்குடி

ஆசிரியை எழுதியதையே படித்துப் பாருங்கள். ஒரே பெயரை இரண்டு வகையாகச் சேமிக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகு, தமிழ்ப் பெயர் வைக்காதே என்று நான் சொன்னதில் என்ன பிழை?

அலைபேசா, தேவிபட்டினம்

மோர்ப்பண்ணையை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் நான்கு ஊழியர்கள் நான்கு விதமாக எழுதுவார்கள், ஐயா. யூனிகோடு வேறுபாட்டை ஒரு நிரலால் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடலாம். நான்கு பேர் நான்கு விதமாக எழுதியதை எந்த நிரலால் ஒன்றாக்குவது?

இருபலகை, இராமேஸ்வரம்

இருவரும் நிறுத்திக்கொண்டால் நல்லது. கேட்டவருக்கு வேண்டியது ஆய்வுக்குள் ஆவணம். டபுள் கமாண்டரைப் போட்டுப் பார்த்தாரா என்பதே இன்னும் தெரியவில்லை.

கரைவலை, மண்டபம்

தாமதத்துக்குப் பொறுத்தருள்க. டிஸ்க் எக்ஸ்பேட் என்று காட்டுகிறது. கோப்புகள் முப்பதாயிரத்துக்கு மேல். எங்களுக்கு ஊர்ப் பெயரைவிடப் படகின் பதிவு எண்தான் முக்கியம். பதிவேட்டில் ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று தொடங்கி வரிசை எண்ணோடு முடியும். அதை ஒருவர் இடைக்கோடு போட்டுப் பெயராக வைத்திருக்கிறார், ஒருவர் இடைவெளி விட்டிருக்கிறார், ஒருவர் எல்லாவற்றையும் ஒட்டி அடித்திருக்கிறார். ஸ்கேனர் தானாக வைத்த பெயரில், வெறும் எண்ணோடு கிடப்பவையே அதிகம். பிடிஎஃப்பின் உள்ளே இருக்கும் எழுத்தைத் தேட முடியாதா?

ஒளிப்பெட்டி, கீழக்கரை

இந்த விவரம் முதலிலேயே வந்திருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும், பரவாயில்லை.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது உண்மையில் ஒரு படம். அதனுள் எழுத்து என்று எதுவும் இல்லாததால் எந்த மென்பொருளாலும் அப்படியே தேட முடியாது. படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருளை ஓட்டி, படத்துக்கு அடியில் எழுத்தைப் பதிக்க வேண்டும். நாப்ஸ்2 என்ற இலவச ஸ்கேன் மென்பொருள் டெஸராக்ட் எழுத்துணரியைக் கொண்டு இதைச் செய்கிறது; தமிழும் உண்டு. கையெழுத்தாக நிரப்பிய படிவங்களில் இதை நம்பாதீர்கள். அச்சிட்ட பதிவுச் சான்றுகளில் எண்ணையாவது பெரும்பாலும் பிடித்துவிடும். இனி ஸ்கேன் செய்பவற்றுக்கும் இதையே பயன்படுத்துங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைப் பெயரிலேயே சேர்க்கும்படி அமைத்துவிடலாம். 15-04-2024 என்று நாளை முன்னால் வைத்தால் எல்லா ஆண்டுகளின் பதினைந்தாம் தேதிகளும் ஓரிடத்தில் கூடிவிடும். 2024-04-15 என்று வைத்தால்தான் காலவரிசையில் நிற்கும்.

பெயருள்ள கோப்புகளுக்கு எவ்ரிதிங் போதும். அதில் இடைவெளி விட்டு அடித்தால் அத்தனை துண்டுகளும் உள்ள பெயர்களைக் காட்டும் என்பதால், 'எம்எம்' என்று அடித்து, இடைவெளி விட்டு, வரிசை எண்ணை அடித்தால் மூன்று வகையாக எழுதிய பெயர்களும் ஒரே பட்டியலில் வந்துவிடும். பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவர மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸில் பவர்ரீனேம் இருக்கிறது. இருபலகை சொன்ன கன்ட்ரோல்-எம்மும் அதே வேலையைச் செய்யும். சாய்கோட்டை மட்டும் முயலாதீர்கள், விண்டோஸ் அதைக் கோப்புப் பெயரில் ஏற்காது.

பெயரில்லாமல் கிடப்பவற்றைக் கண்ணால்தான் பிரிக்க வேண்டும். உலாவியில் ஆல்ட்-பி அழுத்தி முன்னோட்டப் பலகையைத் திறந்துவைத்து, கீழ்நோக்கு அம்பை அழுத்திக்கொண்டே போனால் ஒவ்வொன்றையும் திறக்காமல் பார்க்கலாம். இப்போதைக்கு ஆய்வுக்கு வரும் படகுகளின் செல்லுபடியாகும் சான்றுகளை மட்டும் எடுங்கள். பழையவற்றை ஒரு கோப்புறையில் ஒதுக்கிவிட்டு மழைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நார்ட்டன்காலம், பரமக்குடி

தேடுவது, பார்ப்பது, பெயர் மாற்றுவது என்று நான் முதலில் பிரித்ததையே இவர் நீட்டி எழுதியிருக்கிறார். எவ்ரிதிங்கின் முன்னால் அடுக்குவது என்ற வேலையே தேவையில்லை என்பதையும் சேர்த்திருக்கலாம்.

ஒளிப்பெட்டி, கீழக்கரை

பெயரே இல்லாத கோப்பை எவ்ரிதிங் எதைக் கொண்டு தேடும், ஐயா?

கரைவலை, மண்டபம்

எல்லோருக்கும் நன்றி. எவ்ரிதிங்கில் எண்ணை அடித்ததும் வருகிறது. 'பொதுவான கோப்புகள்' என்று மாற்றியபின் பச்சைக் கோடும் அடங்கிவிட்டது. ஆய்வு முடிந்தது. எழுத்துணரியை இன்னும் தொடவில்லை.

உப்புக்காற்று, இராமநாதபுரம்

நல்லது. பெயர் மாற்றத் தொடங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள், தம்பி. எக்ஸ்பேட் முறையில், டிஸ்க்கில் எழுதும் வேலை பாதியில் நின்றுபோனால் அதைச் சீர்செய்ய உதவும் பதிவேடு கிடையாது. பெயர் மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ கம்பி நழுவினாலோ கோப்புறையே கலைந்துபோகலாம். விண்டோஸின் 'கன்வர்ட்' கட்டளை பழைய ஃபேட் டிஸ்க்குகளை மட்டுமே என்டிஎஃப்எஸ் ஆக்கும், எக்ஸ்பேட்டை ஆக்காது. ஆகவே எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் படியெடுத்து, சில கோப்புகளைத் திறந்து சரிபார்த்து, அதன்பிறகே பழையதை என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமையுங்கள். இன்னொரு டிஸ்க் இருக்கிறதா?