பன்னிரண்டு கூடைகளும் பகிர்ந்துண்ட கதையும்

வாற்கோதுமை:
இயேசு ஒரு சிறுவனின் ஐந்து அப்பங்களைப் பிட்டுக் கொடுக்க ஐயாயிரம் பேர் உண்ட நிகழ்வில் அப்பம் பெருகவே இல்லை என்றும், சிறுவன் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தது கண்டு நாணிய கூட்டத்தார் மடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துப் பகிர்ந்தார்கள் என்றும், அந்த மனமாற்றமே அற்புதம் என்றும் பகிர்வோன் நேற்று எழுதியிருந்தார். இது அவருடைய கண்டுபிடிப்பு அன்று; ஜெர்மானிய இறையியலர் ஹைன்ரிக் பவுலுஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ இதைத்தான் சொன்னார். யோவான் சுவிசேஷம் 6:13ஐ வாசியுங்கள். "வாற்கோதுமை அப்பங்கள் ஐந்தில்" மீதியான துணிக்கைகளால் 12 கூடைகள் நிரம்பின. ஊரார் கட்டி வந்த உணவின் மீதி என்றால், 'ஐந்தில்' என்று எழுதவேண்டிய தேவை என்ன?

பகிர்வோன்:
சென்ற மாதம், தண்ணீர் திராட்சரசமான கானாவூரின் ஆறு கற்சாடிகளை அளந்துகொண்டிருந்தீர்கள். இப்போது கூடைகளை எண்ணுகிறீர்கள். நான்கு சுவிசேஷங்களிலும் இந்நிகழ்வு உண்டு. அவற்றில் ஒன்றிலாவது 'அப்பம் பெருகிற்று' என்ற சொல் இருக்கிறதா? ஆசீர்வதித்தார், பிட்டார், கொடுத்தார், எல்லாரும் உண்டார்கள் என்பதோடு முடிகிறது. மாற்கு 6:43இல் உங்கள் 'ஐந்தில்' இல்லவே இல்லை. மேலும் நம் பழைய மொழிபெயர்ப்பு 'அற்புதம்' என்று சொல்லும் இடத்தில் யோவானின் கிரேக்கச் சொல் 'செமெயோன்', அதாவது அடையாளம்.

வாற்கோதுமை:
மாற்குவை நீங்களே அழைத்தது நல்லதாயிற்று. அதே மாற்கு 8:19இல், தாம் ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டபோது எத்தனை கூடை எடுத்தீர்கள் என்று இயேசுவே கேட்கிறார். பன்னிரண்டு என்கிறார்கள் சீடர்கள். கூடைகளை எண்ணச் சொன்னவர் நான் அல்லன், ஐயா. தீர்க்கதரிசி எலிசா 20 வாற்கோதுமை அப்பங்களால் 100 பேரைப் போஷித்து மீதியும் வந்ததே (2 இராஜாக்கள் 4), அங்கும் யாராவது மடியில் ஒளித்து வைத்திருந்தார்களா?

மறைக்கல்வி ஆசிரியை:
1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'அரும் அடையாளம்' என்றே சொல்கிறது. அந்த அளவில் பகிர்வோன் சரி. ஆனால் அடையாளம் எதைச் சுட்டுகிறது என்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள். மறுநாள் தேடி வந்தவர்களிடம், வயிறு நிரம்பியதால்தான் வந்தீர்கள் என்று ஆண்டவர் கடிந்துகொண்டார். பாலைநிலத்தில் வானிலிருந்து வந்த மன்னா என்னும் உணவை உண்ட முன்னோர் இறந்தனர் என்றும், தாம் தரும் உணவு தம் சதையே என்றும் சொன்னார். யோவான் 6:54இல் வரும் கிரேக்க வினை பல்லால் மெல்லுவதைக் குறிப்பது. இது நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் உடலாக அப்பத்தை உண்ணும் திருவிருந்து; வெறும் உவமை என்று ஒதுக்க முடியாது.

பெரேயா வாசகன்:
சகோதரி, ஒன்பது வசனங்கள் தள்ளி வாசியுங்கள்: "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது." 6:35இன்படி அவரிடம் வருகிறவன் பசியடையான், அவரை விசுவாசிக்கிறவன் தாகமடையான். உண்பது என்றால் விசுவாசிப்பது. 1529இல் மார்பர்க்கில் திருவிருந்தைப் பற்றிச் சீர்திருத்தத் தலைவர் லூத்தரோடு வாதிட்டபோது, மற்றொரு சீர்திருத்தத் தலைவர் சுவிங்லி இதே 63ஆம் வசனத்தைத்தான் முன்வைத்தார்.

மறைக்கல்வி ஆசிரியை:
அதே மேசையில் ஆண்டவரின் "இது என் உடல்" என்ற சொற்களை விட்டு அசையாதிருந்தவர் உங்கள் லூத்தரே.

பெரேயா வாசகன்:
அந்த லூத்தரே யோவான் 6 திருவிருந்தைப் பற்றிப் பேசவில்லை என்றார். பாதி லூத்தரை மட்டும் எடுத்துக்கொள்வது உங்களுக்குப் பழக்கம். ஈஸ்டர் சமயத்து விவாதத்திலும் இதையே செய்தீர்கள்.

வாற்கோதுமை:
மார்பர்க்கை வேறிடத்தில் பேசுங்கள். என் கேள்வி 12 கூடைகள் பற்றியது. அப்பம் உண்மையில் பெருகாவிட்டால், ஜீவ அப்பம் நானே என்ற சொல்லுக்கு அடியில் நிற்க என்ன இருக்கிறது? பசித்தவனுக்கு மெய்யாகவே சோறு போட்டவர் சொன்னதால்தான் அந்தச் சொல்லை நம்புகிறேன். என் தாயார் சாகும்வரை பற்றியிருந்தது அந்த அதிகாரத்தைத்தான்.

பகிர்வோன்:
உங்கள் தாயாரின் விசுவாசத்தை நான் தொடவில்லை. ஆனால் வனாந்தரத்தில் 12 கூடைகள் எங்கிருந்து வந்தன? அங்கே வரும் 'கோஃபினோஸ்' யூதர்கள் பயணத்தில் உணவு சுமக்கும் கூடை. கூடை கொண்டுவந்தவர்கள் வெறுங்கூடையாகவா கொண்டுவந்தார்கள்?

வாற்கோதுமை:
நிறைந்த கூடைகள் அங்கே இருந்திருந்தால், கூட்டத்தை ஊர்களுக்கு அனுப்பி அப்பம் வாங்கச் செய்யும் என்று சீடர்கள் கேட்டிருப்பார்களா? 200 பணத்து அப்பமும் போதாது என்று சீடர் பிலிப்பு கலங்கியிருப்பாரா? நீங்கள் இன்னும் மாற்கு 8:19க்குப் பதில் சொல்லவில்லை.

பகிர்வோன்:
நீங்கள் 6:43க்குச் சொல்லவில்லை.