கலைச்சொல்: ஓவர்கிளாக்கிங் – மிகைத்துடிப்பா, துடிப்பேற்றமா?

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கணினிப் பழுதுபார்ப்புக் கையேட்டில் பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) அத்தியாயம் மட்டும் முடியாமல் நிற்கிறது. வந்த வரைவுகளில் ‘ஓவர்கிளாக்கிங்’, அதாவது சிப்பைத் தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது: மிகைக்கடிகாரமாக்கல், மேல்முடுக்கம், அப்படியே ஓவர்கிளாக்கிங். மூன்றாவதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதன் குடும்பம் பெரிது. அண்டர்கிளாக், அண்டர்வோல்ட், பூஸ்ட், பேஸ் கிளாக், மல்டிப்ளையர் என்று ஒரே பத்தியில் வரிசையாக வந்தால் வேற்றுமை உருபு மட்டும்தான் தமிழாக மிஞ்சுகிறது.

வினையாகப் புழங்க வேண்டும். எதிர்ச்சொல் அதே வேரில் கிடைக்க வேண்டும். பிராசசருக்கும் மெமரிக்கும் பொருந்த வேண்டும். முக்கியமாக, டர்போவை (சிப் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும் பூஸ்டை) உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாது. இப்படி ஒரு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:

முதல் இரண்டையும் தள்ளிவிடலாம்.

மதர்போர்டில் மணி காட்டும் கடிகாரம் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் பட்டன் பேட்டரியில் ஓடும். அதன் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்வது. அதை யாரும் ஏற்றுவதில்லை. ‘கடிகாரத்தை மிகைப்படுத்து’ என்று எழுதினால், கணினியில் நேரம் முந்தி ஓடுகிறது என்றுதான் மாணவர் நினைப்பார். நாம் ஏற்றுவது செயலிக்கு (பிராசசருக்கு) வேலைத் தாளம் போடும் மின்துடிப்பை.

முடுக்கம் பள்ளி இயற்பியலிலேயே இடம் பிடித்துவிட்ட சொல்: திசைவேகம் மாறும் வீதம். 5 கிகாஹெர்ட்ஸில் மாறாமல் ஓடும் செயலிக்கு முடுக்கம் சுழி. அதோடு, உலாவி அமைப்புகளில் ‘வன்பொருள் முடுக்கம்’ வேறொரு பொருளில் ஏற்கெனவே புழங்குகிறது.

என் முன்மொழிவு மிகைத்துடிப்பு. குறைத்தால் குறைத்துடிப்பு.

ஈரோட்டிலிருந்து:

துடிப்பு சரிங்க அக்கா. மிகை மேல்தான் எனக்குத் தயக்கம். அதைப் பெயராக வைத்துக்கொள்ளலாம், வினையாக வராது. ‘மிகைத்துடிப்புச் செய்’ என்று அசெம்பிள் பண்ணுகிற பையனிடம் சொன்னால் சிரிப்பான். நம்ம பக்கம் மோட்டாராக இருந்தாலும் தறியாக இருந்தாலும் ‘ஸ்பீடு ஏத்து’ என்பதுதான் பேச்சு. அதனால் துடிப்பேற்றம், துடிப்பேற்று, துடிப்பிறக்கம். ஒரே அச்சில் எல்லாம் வந்துவிடுகிறது.

நடக்கும் வேலையும் ஏற்றுவதுதான். அடித்துடிப்பு (பேஸ் கிளாக்) 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி (மல்டிப்ளையர்) 45 என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை 46 ஆக்கினால் 4.6. இன்டெலில் பெயர் கடைசியில் ‘கே’ இருக்கும் சிப்பும் ‘இசட்’ வரிசை போர்டும் (இசட்690, இசட்790 மாதிரி) சேர்ந்தால்தான் பெருக்கி திறக்கும். பி660 போர்டில் மெமரியை ஏற்றலாம், பிராசசர் பெருக்கி பூட்டியே இருக்கும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலும் எல்லாச் சிப்பும் திறந்தவை, ஆனால் ஏ320, ஏ520 போர்டுகள் விடாது. பி450, பி550 விடும். இது தெரியாமல் கே சிப்பை எச்610 போர்டில் போட்டுவிட்டு ‘மெனுவையே காணோம்’ என்று போர்டைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டு.

அடித்துடிப்பை ஏற்றுவது பழைய முறை. 1998-இல் வந்த செலரான் 300ஏ-வில் பெருக்கி 4.5 என்று பூட்டியிருந்தது. பஸ்ஸை (அன்றைய அடித்துடிப்பை) 66-இலிருந்து 100-க்கு மாற்றியதும் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடியது. இன்று பல போர்டுகளில் அடித்துடிப்பை அசைத்தால் பிசிஐஇ, சாட்டா (கார்டும் டிஸ்கும் இணையும் வழிகள்) துடிப்பும் கூடவே அசையும். 100-ஐ 105 ஆக்கினால் எஸ்எஸ்டி காணாமல் போகும், இல்லையென்றால் ஃபைல் கெடும். கையேட்டில் ‘அடித்துடிப்பைத் தொடாதே’ என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

கடைத்தெருவில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, ‘ஓசி’ (ஓவர்கிளாக்கிங்கின் ஆங்கிலச் சுருக்கம்). ஓசியில் கிடைக்கிற வேகம் என்று பாதிப் பேர் நிஜமாகவே நம்புகிறார்கள். அந்தக் கணக்கை அப்புறம் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து:

மெமரியை வைத்து இரண்டு சொல்லையும் சோதித்துப் பார்ப்போம்.

டிடிஆர்4 3200 என்று மெமரி ஸ்டிக்கின் டப்பாவில் இருக்கும். அது துடிப்பல்ல, நொடிக்கு 3200 மில்லியன் பரிமாற்றம். துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரு பரிமாற்றம். டப்பாவில் இருக்கும் 3200-ஐத் துடிப்பு என்று கையேட்டில் எழுதிவிடாதீர்கள். அந்த ஸ்டிக்கை மாட்டினதும் பெரும்பாலும் 2133, 2400, 2666 ஆகியவற்றில் ஒன்றில்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி (ஸ்டிக்கிலேயே பதிந்துள்ள வேக அமைப்பு) போட்டால்தான் எழுதிய வேகம் வரும். அப்போது 1.2 வோல்ட் 1.35 ஆகிறது. டிடிஆர்5-இல் ஏஎம்டி பக்கம் இதற்கு எக்ஸ்போ என்று பெயர்.

துடிப்பு ஏறாமலும் மெமரி வேகமாகும். சிஎல் என்பது தரவு வர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்ற எண். சிஎல்16-ஐ சிஎல்14 ஆக இறுக்கினால் துடிப்பு அதே 1600, காத்திருப்பு மட்டும் 10 நானோநொடியிலிருந்து 8.75-க்கு இறங்குகிறது. இதையும் ஓவர்கிளாக்கிங் என்றுதான் சொல்கிறார்கள். துடிப்பேற்றம் என்றால் இது வெளியே நிற்கும். மறுபக்கம், 3200 சிஎல்16-க்கும் 3600 சிஎல்18-க்கும் காத்திருப்பு ஒன்றேதான், இரண்டும் 10 நானோநொடி. 3600-இல் கூடுவது நொடிக்குப் போகும் தரவின் அளவு மட்டும்.

துடிப்பு ஏறி வேகம் குறைவதும் உண்டு. ரைசன் 5000-இல் மெமரியும், சிப்பின் பகுதிகளை இணைக்கும் உள்ளிணைப்பும் ஒரே துடிப்பில் ஓட வேண்டும். 3600 ஸ்டிக் என்றால் இரண்டும் 1800, பெரும்பாலான சிப்பில் நிற்கும். 4000 போட்டால் உள்ளிணைப்பு பெரும்பாலும் 2000-க்கு வராது. மெமரி கன்ட்ரோலர் பாதித் துடிப்புக்கு இறங்கிவிடும், காத்திருப்பு கூடும். காசு அதிகம் கொடுத்து வாங்கின 4000 ஸ்டிக், விளையாட்டில் 3600-க்குப் பின்னால் நிற்கும்.

கோவையிலிருந்து:

> துடிப்பேற்றம், துடிப்பேற்று, துடிப்பிறக்கம்

தம்பி, நான் கேட்ட கடைசி நிபந்தனையில் இது விழுகிறதே. ஐ5-12600கே-யின் அடிப்படை 3.7 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் தானாகவே 4.9 வரை போகும். அதுவும் துடிப்பை ஏற்றுவதுதான். பெட்டியைத் திறந்து மாட்டினதுமே அது துடிப்பேற்றம் செய்துகொள்கிறது என்றால், பிறகு நாம் பயாஸில் செய்வதற்கு என்ன பெயர்?

ஈரோட்டிலிருந்து:

யார் ஏற்றினார்கள் என்பதை வைத்துப் பிரிக்கலாமுங்க. சிப் தானாக ஏற்றினால் பூஸ்ட், ஆள் ஏற்றினால் துடிப்பேற்றம்.

பொள்ளாச்சியிலிருந்து:

அந்தக் கோடு நிற்காது தம்பி. ஏஎம்டியின் பிபிஓ-வில் (பூஸ்ட் வரம்பைத் தளர்த்தும் அமைப்பு) ஆள் ஒரு பொத்தானை அழுத்துகிறார், பிறகு ஏற்றுவது சிப். சில போர்டுகளில் யாரும் எதையும் தொடாமலே இன்டெலின் மின் வரம்பை நீக்கி விற்றிருக்கிறார்கள். ஏற்றியது யார் என்று பார்த்தால் இரண்டுமே குழப்பும்.

பிரிக்கும் கோடு உத்தரவாதம். தயாரிப்பாளர் ‘இதுவரை நான் பொறுப்பு’ என்று எழுதிய வரம்புக்குள் நடந்தால் அது ஏற்றம், தாண்டினால் மிகை. டர்போ உள்ளே. பெருக்கியை ஏற்றுவது, பிபிஓ, எக்ஸ்எம்பி, எக்ஸ்போ எல்லாம் வெளியே. கடைசி இரண்டும் வெளியே என்பது மாணவருக்கு வியப்பாக இருக்கும், ஆனால் இன்டெலும் ஏஎம்டியும் தங்கள் எழுத்திலேயே அவற்றை ஓவர்கிளாக்கிங் கணக்கில்தான் வைத்திருக்கின்றன. ஸ்டிக் விற்றவர் 3600-க்குப் பொறுப்பேற்கலாம், செயலி விற்றவர் ஏற்பதில்லை.

ஆகவே இரண்டு சொல்லும் வேண்டும். ஏற்று என்பது வினை, மிகை என்பது எல்லை. பூஸ்ட் என்பதற்குத் துடிப்பேற்றம். ஓவர்கிளாக்கிங் என்பதற்கு மிகைத்துடிப்பு. வினையாக வேண்டுமானால் ‘மிகைத்துடிப்புக்கு ஏற்று’. பேச்சுவழக்கும் கெடவில்லை. திருப்பூர்க்காரர் சொன்ன சிஎல் விஷயத்தை இதற்குள் திணிக்க வேண்டாம், அது தனி வேலை: காத்திருப்பு இறுக்கம்.

கரூரிலிருந்து:

மிகைத்துடிப்பு என்றதும் இதய நோய் நினைவுக்கு வருகிறது. மருத்துவக் கட்டுரையில் இடிக்காதா?

பொள்ளாச்சியிலிருந்து:

வைரஸ் இடிக்கவில்லையே.

ஈரோட்டிலிருந்து:

அக்கா பிரித்தது சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை அத்தியாயத்தில் எழுத்தோடு போடுங்கள்.

வெப்பக் கணக்கு இது. சிப் தின்னும் மின்சாரம் துடிப்புக்கு நேர் விகிதம், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதம். 4.5-ஐ 5.0 ஆக்க 1.20 வோல்ட்டை 1.32 ஆக்க வேண்டி வந்தது என்று வையுங்கள். துடிப்பு 1.11 மடங்கு, மின்னழுத்த இருமடி 1.21 மடங்கு, பெருக்கினால் 1.34. நூற்றுக்குப் பதினொன்று வேகத்துக்கு நூற்றுக்கு முப்பத்து நாலு கூடுதல் வெப்பம். ஓசி ஓசியல்ல என்பதற்கு இதுதான் கணக்கு.

அந்த வெப்பம் அறையின் வெப்பத்துக்கு மேல் ஏறி உட்காரும். வெளிநாட்டு வழிகாட்டிகள் 22 டிகிரி அறையை வைத்து எழுதுவது. சித்திரை மதியம் ஈரோட்டில் ஃபேன் மட்டும் உள்ள அறை 37. அந்தப் பதினைந்து டிகிரியை அப்படியே கூட்டிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு 82-இல் நிற்பது இங்கே 97. 12600கே-க்கு 100 டிகிரியில் தானாகத் துடிப்பிறங்கும். அந்த எல்லையைத் தொட்டால் பெஞ்ச்மார்க் முதல் நிமிடம் 5.0 காட்டும், ஐந்தாவது நிமிடம் 4.6 காட்டும். அதனால் சோதனையை மார்கழியில் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

செய்யும் முறை: பயாஸைப் புதுப்பித்து, டீஃபால்ட் ஏற்றி, முதலில் எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் (பிராசசர் வேகச் சோதனை) பத்து நிமிடம் ஓட்டி வெப்பமும் மதிப்பெண்ணும் குறித்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டுப் பிராசசரை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் ஹேங் ஆவது எதனால் என்றே தெரியாது. பெருக்கியை ஒவ்வொன்றாகக் கூட்டி ஒவ்வொரு தடவையும் ஓட்ட வேண்டும். நீலத்திரையில் 0x101 அல்லது 0x124 வந்தால் பெரும்பாலும் மின்னழுத்தம் போதவில்லை. 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டிப் பார்க்கலாம். வெப்பம் 90-ஐத் தொட்டுவிட்டால் கூட்டாமல் ஒரு படி இறங்க வேண்டும். லோட்லைனை (சுமை ஏறும்போது மின்னழுத்தம் சரிவதை ஈடுகட்டும் அமைப்பை) நடுவில் வைப்பது நல்லது. உச்சத்தில் வைத்தால், சுமை சட்டென்று இறங்கும் நொடியில் மின்னழுத்தம் திரையில் தெரியாத வேகத்தில் மேலே தாவும். கடைசியில் பிரைம்95 (முழுச் சுமைச் சோதனை) சில மணி நேரம். லேபிளில் மட்டும் 450 வாட் எழுதிய எஸ்எம்பிஎஸ்ஸில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம்.

நம்ம ஊருக்கு நான் பரிந்துரைப்பது எதிர்த்திசை: துடிப்பு அப்படியே, மின்னழுத்தத்தை மட்டும் 0.05 வோல்ட் குறைப்பது. சிப் குளிரும், டர்போ நீண்ட நேரம் நிற்கும். அண்டர்வோல்ட்டுக்கு ‘அழுத்தத் தணிப்பு’ எப்படி இருக்கிறது?

திருப்பூரிலிருந்து:

அழுத்தத் தணிப்பு மனநல ஆலோசனை மாதிரி கேட்கிறது. மின்னழுத்தத் தணிப்பு என்று முழுசாகப் போடுங்கள்.

வெப்பத்தோடு ஒன்று சேர்க்கணும். பனியன் கம்பெனி, விசைத்தறிக் கூடம் பக்கத்தில் இருக்கும் கணினியில் பஞ்சு ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகட்டுக்கும் நடுவில் கம்பளி மாதிரி படியும். மேலே பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். புளோயரில் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழல விட்டால் பேரிங் போகும். இதைச் செய்யாமல் மிகைத்துடிப்பைப் பற்றிப் பேசவே கூடாது.

மெமரிக்குத் தனி எச்சரிக்கை. மில்லில் ஸ்பிண்டில் சுற்றை ஏற்றினால் நூல் அறுவது கூடும், அறுந்தது கண்ணுக்குத் தெரியும். மெமரியில் ஒரு பிட் புரண்டால் தெரியாது. விண்டோஸ் ஓடிக்கொண்டே இருக்கும், ஜிப் ஃபைல் திறக்க மறுக்கும், டேலி டேட்டா கெடும். மெம்டெஸ்ட்86 நாலு சுற்று ஓட்டி ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோல்விதான். இரண்டு ஸ்டிக் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். நாலு ஸ்டிக் போட்டால் அதே வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஏஎம்டியின் ஏஎம்5 போர்டில் எக்ஸ்போ போடும் முன் பயாஸ் பதிப்பைப் பாருங்கள். எஸ்ஓசி (சிப்பில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதி) மின்னழுத்தம் எல்லை மீறிச் சிப்புகள் கருகியதால் 2023-இல் அதை 1.3 வோல்ட்டில் கட்டிவைத்தார்கள். பழைய பயாஸில் அந்தக் கட்டு இருக்காது.

கோவையிலிருந்து:

சரி, இப்படி எழுதிக்கொள்கிறேன். எதிர்ப்பு இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லுங்கள். பேஸ் கிளாக் அடித்துடிப்பு, மல்டிப்ளையர் பெருக்கி, பூஸ்ட் துடிப்பேற்றம், ஓவர்கிளாக்கிங் மிகைத்துடிப்பு, அண்டர்கிளாக்கிங் குறைத்துடிப்பு, அண்டர்வோல்ட்டிங் மின்னழுத்தத் தணிப்பு, டைமிங்கை இறுக்குவது காத்திருப்பு இறுக்கம். பயாஸ் திரையில் மாணவர் பார்க்கப்போவது ‘ஓசி’ என்ற தலைப்புதான் என்பதால், முதல் தடவை மட்டும் ‘ஓசி எனப்படும் மிகைத்துடிப்பு’ என்று வரும்.

மீட்புப் பத்தி இப்படி: ‘மிகைத்துடிப்புக்கு ஏற்றியபின் திரை வராவிட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தாதே. டிடிஆர்5 போர்டு மெமரியைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். பிறகும் வராவிட்டால் பிளக்கைப் பிடுங்கு, பவர் பொத்தானை ஒரு தடவை அழுத்தி மீதி மின்சாரத்தை வெளியேற்று, சிமாஸ் ஜம்பரின் (பயாஸ் அமைப்புகளை அழிக்கும் முனைகள்) இரு முனையையும் பத்து நொடி இணை. ஜம்பர் இல்லாத போர்டில் பட்டன் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டு.’

ஈரோட்டிலிருந்து:

கடைசியில் ‘தேதியும் நேரமும் மறுபடி வை’ என்று ஒரு வரி சேர்த்துக்கோங்க. பேட்டரியைக் கழற்றினால் தேதி பின்னால் போய்விடும். பிறகு பிரவுசரில் பாதித் தளம் சான்றிதழ் பிழை காட்டும், மிகைத்துடிப்பு மேல் பழி விழும்.