கையா, தேவதைத் தலையா? பிராபன்ட் செப்புக்காசு பற்றி உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். மொத்தமாக வாங்கிய வெளிநாட்டுக் காசுகளுக்குள் இந்தச் செப்புக்காசு கிடைத்தது. அகலம் 25 மி.மீ., எடை 3.7 கிராம். ஒரு பக்கம் வலப்புறம் பார்க்கும் தலை. பக்கத்தில் 'பில்', அதையடுத்து நான்கு கோடுகள். ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்தான். மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம், ஓரத்தில் 'டக்ஸ்' (லத்தீனில் கோமகன்), சற்றுத் தள்ளி 'பிராப்' (பிராபன்ட்டின் சுருக்கம்). பிலிப் 1621 முதல் 1665 வரை, இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கம் இருந்த பிராபன்ட்டின் கோமகனாகவும் இருந்தவர். அங்கே இதை லியார்ட் என்றும் ஓர்ட் என்றும் சொன்னார்கள். நாலு சேர்ந்தால் ஒரு ஸ்டைவர் என்ற அங்கத்திய நாணயம்.

நான் மாட்டிக்கொண்டது அக்கசாலைக் குறியில், அதாவது காசு எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்று காட்டும் சின்னத்தில். ஆன்ட்வெர்ப் என்றால் கை, பிரசெல்ஸ் என்றால் தேவதைத் தலை. என் காசில் எழுத்துகளுக்கு நடுவே தேய்ந்த ஒரு சின்ன மேடுதான் மிச்சம். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் விரல்கள் மாதிரி தெரிகிறது, நேராகப் பிடித்தால் மறைந்துவிடுகிறது. ஆண்டில் 165 தெளிவு, கடைசி இலக்கம் போய்விட்டது.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். இதே காசு கையில் வைத்திருப்பவர்கள் குறியின் படத்தைப் போட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பேன். இன்னொன்று: கேடயத்தின் கீழே வெளிர்பச்சைத் தூள் உதிர்கிறது. புளி போட்டுத் தேய்க்க மனம் வரவில்லை. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் போதுமா?