‘தி லயன் கார்டு’ தொடரில் எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் மட்டும் ஏன் வில்லன்கள்?

பெரம்பூர் வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது ஆகிறது. அவன் இப்போது விரும்பிப் பார்ப்பது டிஸ்னி நிறுவனத்தின் ‘தி லயன் கார்டு’ என்னும் அனிமேஷன் தொடர். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் வெளிவந்த ‘தி லயன் கிங்’ திரைப்படத்தின் சிம்பா இதில் அரசனாக இருக்கிறான். அவனுடைய இளைய பிள்ளை கியான், ஹனி பேட்ஜர் புங்கா, சிவிங்கிப்புலி ஃபுலி, நீர்யானை பெஷ்டே, வெண்கொக்கு ஓனோ ஆகிய நால்வரைச் சேர்த்துக்கொண்டு, ‘பிரைட் லேண்ட்ஸ்’ என்னும் பசும்புல்வெளியைக் காவல் காக்கிறான். அந்த எல்லைக்கு அப்பால் ‘அவுட்லேண்ட்ஸ்’ என்னும் வறண்ட நிலம் இருக்கிறது. கழுதைப்புலிகளும் (ஹைனா) நரிகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் அங்கேதான் வாழ்கின்றன, வில்லன்களும் அவைதாம்.

தொடரில் ரத்தம் இல்லை, தகாத பேச்சு இல்லை, நட்பும் உதவியும் நிறையவே இருக்கின்றன. அதனால் நான் கவலையில்லாமல் இருந்தேன். சில நாட்களுக்கு முன்பு எங்கள் அடுக்ககத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பிள்ளைகள் இதே கதையை விளையாடிக்கொண்டிருந்தார்கள். சம்ப்பின் சிமென்ட் மூடிதான் அரசன் சிம்பாவின் சிங்கப் பாறை. அதன்மேல் நின்றுகொண்டு என் மகன் ஒவ்வொருவருக்கும் வேடம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள், தேய்த்த துணிகளைக் கொடுக்க வந்தவள், தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டாள். அவன் சிறிதும் யோசிக்காமல், “நீ கேட்டுக்கு வெளியில இருந்து வர்ற, அதனால நீதான் ஹைனா” என்றான். அவளும் மறுபேச்சுப் பேசாமல் கைகளைத் தரையில் ஊன்றி நடக்கத் தொடங்கினாள். அவள் சிரித்துக்கொண்டேதான் நடந்தாள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரியில் என் ஊரைச் சொன்னதும் “அந்தப் பக்கமா?” என்று ஓரடி பின்வாங்கியவர்களை எனக்குத் தெரியும். திரைப்படங்களில் அரிவாளோடு ஓடுகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் தெருக்களில்தான் ஓடுவார்கள். நல்லவர்கள் எல்லைக்கு உள்ளே, கெட்டவர்கள் எல்லைக்கு வெளியே என்னும் கணக்கு ஆறு வயதிலேயே என் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். தொடரை நிறுத்திவிடலாமா, அல்லது அதற்குள்ளேயே இதற்கு மாற்று ஏதாவது இருக்கிறதா? முழுவதும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மந்தைவெளி தமிழாசிரியர் (ஓய்வு) எழுதுகிறார்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். என் பேத்தியின் பக்கத்தில் அமர்ந்து இத்தொடரை முழுமையாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிறுத்த வேண்டாம். நீங்கள் சொல்லும் கணக்கோடுதான் கதை தொடங்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கணக்கைக் கதையே தன் கையால் அழித்தும் விடுகிறது.

முதல் பருவத்திலேயே (சீசன்) கியான் வழிதவறி அவுட்லேண்ட்ஸில் மாட்டிக்கொள்ளும் பகுதி ஒன்று வருகிறது. அங்கே அவனுக்குத் துணையாக வருபவள் ஜசிரி என்னும் இளம் கழுதைப்புலி. கழுதைப்புலி என்றாலே அவற்றின் கூட்டத் தலைவன் ஜாஞ்சாவைப் போலத் திருட்டுக்கும் அடாவடிக்கும் பிறந்தது என்றே அதுவரை நம்பியிருந்த கியானை, அவள் தன் பேச்சாலும் நடத்தையாலும் மாற்றுகிறாள். தேவைக்கு மேல் தின்னாமல், உயிர்களின் சுழற்சிக்குக் கட்டுப்பட்டு வாழும் குடும்பங்கள் எல்லைக்கு வெளியேயும் உண்டு என்பதை அவன் அன்றுதான் அறிகிறான். கதைத்தலைவனே தன் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறான் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளும் அவனோடு சேர்ந்துதான் மாறுகிறார்கள்.

அதைவிட ஆழமானது உஷாரி என்னும் நாகத்தின் கதை. தன் பாட்டுக்கு வெயிலில் சுருண்டு கிடக்கும் உஷாரியின்மீது, யாரையோ காப்பாற்ற ஓடும் காவல் படையினர் திரும்பத் திரும்ப மோதுகிறார்கள். அது முறையிடுகிறது, ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் காட்சிகள் அவை. ஆனால் இரண்டாம் பருவத்தில் அதே உஷாரிதான் ஜாஞ்சாவோடு கைகோத்து, கியானின் அக்காள் கியாராவைப் பிடித்து வைக்கச் செய்து, உடன்பிறந்தவர் உள்ள எவருக்கும் புரியும் அந்தப் பதற்றத்தில் கியான் எழுப்பும் கர்ஜனையைக் கொண்டே, எரிமலையின் நெருப்பிலிருந்து சிம்பாவின் சித்தப்பா ஸ்காரின் ஆவியை எழுப்புகிறது. ஒரு சிறியவனின் முறையீட்டைப் பெரியவர்கள் சிரித்துத் தள்ளியதும், நல்லவனே என்றாலும் அவன் சினத்துக்கு இடம் கொடுத்ததும் சேர்ந்துதான் பெரிய வில்லனைக் கொண்டுவருகின்றன. குழந்தைகளுக்கான தொடரில் இவ்வளவு நேர்மையாக இதைச் சொல்லியிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஸ்காரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வெளியாள் இல்லை. அரச குடும்பத்தின் இளைய மகன். கியானுக்கு முன்பே இதே காவல் படைக்குத் தலைமை தாங்கியவன். முன்னோரின் வலிமை கலந்த அதே கர்ஜனையைப் பெற்றிருந்தவன். அண்ணன் முஃபாசாவைக் கவிழ்க்கத் தன் படையினர் உடன்படாதபோது, அந்தக் கர்ஜனையை அவர்கள்மீதே ஏவி அழித்து, அதனால் அந்த ஆற்றலையும் இழந்தவன். ஆகவே இத்தொடரின் மிகக் கொடிய வில்லன் எல்லைக்கு உள்ளே, சிங்கப் பாறையின் மேலேயே பிறந்தவன். உங்கள் மகனிடம் இந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஸ்கார் எந்தப் பக்கத்தில் பிறந்தான்?

வீடணன் செய்தது சரியா, கும்பகருணன் செய்தது சரியா என்று பட்டிமன்ற மேடைகளில் விடிய விடியப் பேசியும் நமக்கு அலுப்பதில்லை. இராவணன் பக்கம் நின்று மடிந்தவனைக்கூட ஒரே சொல்லில் கெட்டவன் என்று ஒதுக்க நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை. அந்த மரபில் வளரும் பிள்ளைகளுக்கு ஜாஞ்சாவின் மனமாற்றம் புரியாமல் போகாது. ஆம், அந்த ஜாஞ்சாவே கடைசியில் ஸ்காரை விட்டு விலகி ஜசிரியின் பக்கம் வந்து சேருகிறான்.

அண்ணாநகர் அப்பா எழுதுகிறார்:

ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் ஒரு தொடரை நாம் பார்ப்பதுபோல் வரிசையாகப் பார்ப்பதில்லை. பிடித்த நான்கு பகுதிகளையே மீண்டும் மீண்டும் ஓடவிடுகிறார்கள். ஜசிரி வருவது சில பகுதிகளில் மட்டுமே. ஜாஞ்சாவும் அவன் கூட்டாளிகள் சீசியும் சுங்குவும் மான்களைத் துரத்தி அடிவாங்கி ஓடுவது எங்கு பார்த்தாலும் வருகிறது. அதிகம் பார்க்கும் காட்சிதான் மனத்தில் தங்கும். மாற்று உள்ளே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது பிள்ளையின் கண்ணில் படும்படி நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அதே நேரத்தில், இந்த வயதில் வில்லன் தெளிவாக இருப்பதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்தவர் உணவைப் பறிப்பது கெட்டது, பலவீனமானவரைத் துரத்துவது கெட்டது என்று உறுதியாக அறிந்த பிறகுதானே ‘அவன் ஏன் அப்படிச் செய்தான்’ என்ற கேள்வி வரும்? என் மகள் இத்தொடரிலிருந்து எடுத்துக்கொண்டது நாயகர்களைத்தான். வேகம் ஃபுலியிடமும் வலிமை பெஷ்டேயிடமும் கூரிய பார்வை ஓனோவிடமும் அச்சமின்மை புங்காவிடமும் இருக்கின்றன. ஒருவரிடமே எல்லாம் இல்லை. சிங்கங்கள் மட்டுமே இருந்துவந்த படையில் வேற்றினத்தாரைச் சேர்ப்பதற்கு முதலில் தந்தையே உடன்படவில்லை என்பதும் தொடக்கப் பகுதியில் வருகிறது. அதை நான் நிறுத்தி நிறுத்தி மகளுக்குச் சொன்னேன்.

சகோதரி, விளையாட்டில் நடந்ததை விளையாட்டிலேயே சரிசெய்யலாம். வேடங்களைச் சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் மகன் ஜாஞ்சாவாக நான்கு காலில் நடக்கட்டும்.

பள்ளிக்கரணை பறவை நோக்கர் எழுதுகிறார்:

விலங்குகளின் பக்கத்திலிருந்தும் சிறிது பேச விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கதைகளால் உண்மையான விலங்குகளுக்குக் கெட்ட பெயர் வந்து சேருவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆப்பிரிக்கப் புள்ளிக் கழுதைப்புலி திருடித் தின்னும் கோழை என்பது பழைய நம்பிக்கை. 1960-களில் தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் உகோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்திலும் அவற்றை இரவில் பின்தொடர்ந்து ஆய்ந்த விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக், அவை தம் உணவில் பெரும்பகுதியைத் தாமே வேட்டையாடிப் பெறுகின்றன என்பதை நிறுவினார். உகோரோங்கோரோவில் கழுதைப்புலிகள் வீழ்த்திய இரையைச் சிங்கங்கள் வந்து பறித்துத் தின்றதையே அவர் அடிக்கடி கண்டார். காலையில் வந்து பார்ப்பவர்கள், சிங்கம் தின்பதையும் கழுதைப்புலி சுற்றி நிற்பதையும் பார்த்து, திருடன் யார் என்பதை மாற்றிப் புரிந்துகொண்டுவிட்டார்கள். இன்னொன்று: புள்ளிக் கழுதைப்புலிகளின் கூட்டத்தை ஆள்பவை பெண்களே, குட்டியின் தகுதி தாயின் தகுதியைப் பொறுத்து அமைகிறது. அந்த வகையில் ஜசிரியின் தலைமை இயற்கைக்கு ஒத்தது, ஜாஞ்சாவின் தலைமை ஒவ்வாதது. சிங்கங்களிலும் அண்ணன் தம்பிகள் பெரும்பாலும் ஒன்றாக நின்றே எல்லையைக் காக்கிறார்கள். ஸ்கார் மனிதர்களின் அரண்மனைக் கதைகளிலிருந்து வந்தவன்.

நம் மாநிலத்திலும் வரிக் கழுதைப்புலி மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பகுதியில் இருக்கிறது. பிணந்தின்னிக் கழுகான பாறு கழுகும் அங்கேதான் எஞ்சியிருக்கிறது. தொடரில் முசிங்கோவும் அவன் கூட்டமும் சதிகாரர்களாக வருகிறார்கள். உண்மையில் இந்தப் பறவைகள் இறந்த கால்நடைகளைத் தின்று காட்டைத் தூய்மையாக வைத்திருந்தவை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்து அவற்றின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து நாடு முழுவதும் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 2006-இல்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. நரியோ இதே சென்னையில், கிண்டித் தேசியப் பூங்காவில் இருக்கிறது. நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று சொல்லும் மக்கள் நாம். பிள்ளைகளுக்கு இவற்றையும் சொல்லிக்கொடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு உண்மை விலங்கின் கதை கார்ட்டூனைவிட நிச்சயமாகப் பிடிக்கும்.

பெரம்பூர் வாசகி எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஜசிரி வரும் பகுதியை அவனோடு சேர்ந்து பார்த்தேன். ஸ்கார் எங்கே பிறந்தான் என்ற ஆசிரியர் ஐயாவின் கேள்வியையும் கேட்டேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ கியானும் ஸ்கார் மாதிரி ஆயிடுவானா?” என்று கேட்டான். கியானின் கண்ணிலும் பிற்பாடு தழும்பு வரும் என்று பெரிய வகுப்புப் பையன் ஒருவன் சொல்லியிருக்கிறானாம். அந்தப் பயத்தில் அடுத்த பகுதிகளைப் பார்க்கவே தயங்குகிறான். என்ன பதில் சொல்லட்டும்? மூன்றாம் பருவத்தைக் காட்டலாமா?

மந்தைவெளி தமிழாசிரியர் (ஓய்வு) எழுதுகிறார்:

பிள்ளை கேட்டது மிக நல்ல கேள்வி, சகோதரி. கியானுக்கும் உள்ளூர அந்தப் பயம்தான். எரிமலையில் நடக்கும் போரில் உஷாரி கியானைத் தீண்டுகிறது. ஸ்காருக்கும் முன்பு நாகத்தின் நஞ்சினால்தான் தழும்பு ஏற்பட்டிருந்தது. இருவருக்கும் அதே காயம், அதே கர்ஜனை, அதே பதவி. ஸ்கார் எதிரே நின்று தூண்டியும், கியான் சினத்தோடு அவன்மீது கர்ஜிக்க மறுத்து, முன்னோரை அழைக்கிறான். மழை பொழிந்து ஸ்கார் மறைகிறான். மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்தால் சுவை குறையும் என்ற கவலை அந்த வயதில் இல்லை, துணிவுதான் வேண்டும்.

மூன்றாம் பருவத்தைக் கட்டாயம் காட்டுங்கள். உடலில் தங்கிய நஞ்சினால் கியானுக்குக் காரணமில்லாமல் கோபம் பொங்குகிறது, கர்ஜனையும் கட்டுக்குள் நிற்பதில்லை. புகையினால் பார்வை மங்கிய ஓனோவையும் அழைத்துக்கொண்டு, சிகிச்சைக்காக ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ என்னும் தொலைதூர இடத்துக்குப் படை முழுவதும் நடந்தே செல்கிறது. தன் கோபத்தைக் கண்டு தானே அஞ்சும் தலைவனைப் பார்ப்பது, கோபம் வந்தால் பொருள்களை எறியும் வயதிலுள்ள பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை என் பேத்தியிடம் நேரில் கண்டேன்.

2019 நவம்பரில் வெளியான இறுதிப் பகுதியில் உங்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. கியான் ராணி என்னும் சிங்கத்தை மணந்து ட்ரீ ஆஃப் லைஃபின் அரசனாகிறான். பிரைட் லேண்ட்ஸின் காவல் படைக்குத் தலைமையும் கர்ஜனையும் விட்டானி என்னும் பெண் சிங்கத்திடம் போகின்றன. ஸ்காரைப் போற்றிய ஜிராவின் மகள் அவள். நாடு கடத்தப்பட்டு அவுட்லேண்ட்ஸில் வளர்ந்தவள். அண்ணாநகர் நண்பர் சொன்னதுபோல் அந்தக் காட்சியைப் பிள்ளை தானாகக் கவனிக்காமல் போகலாம். அப்போது நிறுத்தி, இவள் எங்கே வளர்ந்தவள் என்று கேளுங்கள்.

எரிமலைப் போர்ப் பகுதியை மட்டும் இரவு தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். விடுமுறை நாளில், பகல் வெளிச்சத்தில், நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.