ஸ்கீ சங்கத்தின் வார அறிவித்தலையும் ரிசல்ட் தாளையும் எப்படி வாசிக்கிறது?

உவர்மலை_மலர்

எல்லாருக்கும் வணக்கம். அக்காவின் மகள் ஒன்ராறியோவில் ஆல்பைன் ஸ்கீ (மலைச்சரிவில் இறங்குற பனிச்சறுக்கு) ரேஸ் ஓடுறா. பிறந்தது 2010, அதனால் 2025/26 சீசனோட யு16 (16 வயதுக்குட்பட்ட பிரிவு) முடியுது. மாகாணச் சங்கத்தின் வார அறிவித்தலும் ரிசல்ட் தாளும் அக்காவிட்ட இருந்து வரும். திருகோணமலையில இருக்கிற சொந்தக்காரருக்காக அதைத் தமிழில் எழுதிக் குடுக்கிறன். பிழையாக எழுதக்கூடாது எண்டதால இஞ்ச கேக்கிறன்.

கடைசி ஜயன்ட் ஸ்லாலத்தில பிள்ளையின் பிப் நம்பர் (நெஞ்சில போடுற இலக்கம்) 38. முதல் ரன்னில் 24ஆம் இடம். இரண்டாவது ரன்னில் 7ஆவது ஆளாக இறங்கினா. ஏன்? முடிவில 22ஆம் இடம், கோச் நல்லாப் பாராட்டி எழுதியிருக்கிறார். அதுக்கு முந்தின ரேஸில 11ஆம் இடம், அதுக்கு ஒரு சொல்லும் இல்லை. இன்னொரு ஸ்லாலம் தாளில் "டிஎஸ்கியூ, கேட் 17" எண்டு கிடந்தது. "வெப்பம் கூடினதால் ஓடுபாதைக்கு உப்புப் போடப்பட்டது" எண்டும் ஒரு வரி. உப்புப் போட்டால் பனி உருகாதோ? அடுத்த சீசன் ஃபிஸ் (சர்வதேச ஸ்கீ சம்மேளனம்) ரேஸ் எண்டபடியால் 30 மீற்றர் ரேடியஸ் (ஸ்கீயின் பக்க வளைவின் ஆரம்) ஸ்கீ வேணுமாம். சொந்தக்காரர் சேர்ந்து வாங்கிக் குடுக்க நினைக்கினம், அதுக்கும் விபரம் சொல்லுங்கோ.

சூரிச்_திருமலையான்

மலர் அக்கா, கேட் எண்டு சொல்லுற கம்புகளைச் சுற்றி வளைந்து இறங்குறதுதான் ஸ்லாலமும் ஜயன்ட் ஸ்லாலமும், ஜயன்டில கேட்டுகள் தூரத் தூர நிற்கும். இரண்டுக்கும் இரண்டு ரன். இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் இடம். முதல் ரன்னில் முதல் 30 இடத்துக்குள் வந்தவை இரண்டாவது ரன்னில் தலைகீழாக இறங்குவினம். 30ஆம் ஆள் முதலாவது, முதலாம் ஆள் 30ஆவது. 31இல் 24ஐக் கழியுங்கோ, 7 வரும். பிப் நம்பர் 38 மாறாது, இறங்குற வரிசை மட்டும்தான் மாறும். 31ஆம் ஆளிலிருந்து அப்படியே வரிசையாக வருவினம். உலகக் கிண்ணத்தில் மட்டும் 30க்குப் பின்னால் வந்தவைக்கு இரண்டாவது ரன்னே இல்லை. பனி இளகிற நாட்களில் ஜூரி (நடுவர் குழு) அந்த 30ஐ 15 ஆகக் குறைக்கலாம், அப்படிச் செய்தால் 24ஆவது ஆள் 24ஆவதாகவே இறங்குவா. சிறுவர் தொடர்களில் சங்கத்துக்குச் சங்கம் இந்த எண்ணிக்கை வேறுபடும், ரேஸ் அறிவித்தலின் மேல்பகுதியில் போட்டிருப்பினம்.

இந்த வரிசை ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொருத்தர் இறங்கும்போதும் கேட்டைச் சுற்றிக் குழி விழும். பிப் 5 பார்த்த பாதையும் பிப் 38 பார்த்த பாதையும் ஒன்றில்லை. அதால இடத்தை மட்டும் எழுதாதேங்கோ. வெற்றி பெற்றவவின் நேரத்திலிருந்து எத்தனை சதவீதம் பின்னால் எண்டு போடுங்கோ. உதாரணத்துக்கு, முதலாம் ஆளின் கூட்டு நேரம் 2:04.80, அதாவது 124.80 செக்கன். பிள்ளையின் நேரம் 2:11.04, அதாவது 131.04. வித்தியாசம் 6.24. அதை 124.80ஆல் வகுத்தால் 5 சதவீதம். முந்தின ரேஸில் பலமான பிள்ளைகள் வராமல், 11ஆம் இடம் 8 சதவீதத்தில் கிடைத்திருந்தால், 22ஆம் இடம்தான் பெரிய முன்னேற்றம். கோச் பார்க்கிறது இதைத்தான். செக்கன் கணக்கை நேரே ஒப்பிட்டால் பிழைக்கும். 45 செக்கன் பாதையில் 3 செக்கன் பின்னால் நிற்கிறதும் 65 செக்கன் பாதையில் 3 செக்கன் பின்னால் நிற்கிறதும் ஒன்றில்லை.

இன்னொன்றும் பாருங்கோ: ரன் வாரியாக இடம். இரண்டாவது ரன் நேரத்தை மட்டும் எடுத்து எல்லாரையும் வரிசைப்படுத்தினால் பிள்ளை 15ஆவதாகக்கூட வரலாம். பாதை நல்லா இருக்கும்போது ஏழாவதாக இறங்கிப் பயன்படுத்தினாவோ எண்டு அதில தெரியும்.

கணக்கு_கந்தளாய்

அடுத்த சீசனுக்கு இப்பவே ஒரு விஷயம் சொல்லி வைக்கிறன், சொந்தக்காரர் அதிகம் குழம்பப் போறது இதிலதான். "புள்ளி" இரண்டு வகை. உலகக் கிண்ணம் மாதிரித் தொடர்களில் இடத்துக்குப் புள்ளி: முதலிடம் 100, அடுத்தது 80, 60, 50, 45 எண்டு இறங்கி 30ஆம் இடத்துக்கு 1. கூடினால் நல்லது. ஃபிஸ் புள்ளி நேர் எதிர், குறைந்தால்தான் நல்லது, உலகின் முன்னணி ஆட்கள் 0க்குக் கிட்ட நிற்பினம். புள்ளியே இல்லாத புதுப் பிள்ளைக்கு 999.99 எண்டு போடுவினம். அது தண்டனை இல்லை. வரிசையின் கடைசியில் தொடங்குறா எண்டு மட்டும்தான் அர்த்தம்.

ரேஸ் புள்ளிக் கணக்கு இப்படி: பிள்ளையின் நேரத்தை வெற்றியாளரின் நேரத்தால் வகுத்து, 1ஐக் கழித்து, அந்தப் பிரிவின் எண்ணால் பெருக்குங்கோ. அந்த எண் ஸ்லாலத்துக்கு 730, ஜயன்ட் ஸ்லாலத்துக்கு 1010, வேகப் பிரிவுகளான சூப்பர் ஜிக்கு 1190, டவுன்ஹில்லுக்கு 1250. மேலே சொன்ன 5 சதவீதத்துக்கு ஜயன்ட் ஸ்லாலத்தில் 0.05 × 1010 = 50.50.

இதோட "பெனல்டி" கூட்டுவினம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பிள்ளை செய்த பிழைக்கில்லை, வந்தவை எவ்வளவு பலம் எண்ட அளவுகோல்தான். முதல் 10 இடத்துக்குள் வந்தவையில் ஏற்கெனவே மிகக் குறைந்த புள்ளி வைத்திருக்கிற ஐந்து பேரின் கூட்டு, உதாரணமாக 310. ரேஸில் இறங்கின எல்லாரிலும் சிறந்த ஐந்து பேரின் கூட்டு 250. முதலில் எடுத்த அதே ஐந்து பேர் இந்த ரேஸில் எடுத்த ரேஸ் புள்ளிகளின் கூட்டு 60. 310 + 250 − 60 = 500. பத்தால் வகுத்தால் 50. ஆகவே பிள்ளையின் முடிவு 50.50 + 50 = 100.50.

இரண்டாவது எண்ணில் விழுந்தவையும் சேர்வினம். ஸ்டார்ட்டை விட்டு வெளிக்கிட்டால் போதும், முடிக்க வேண்டியதில்லை. அதால பலமான ஆட்கள் வந்து இடையில் விழுந்த ரேஸில் நடுவில் வந்த பிள்ளைக்கும் நல்ல புள்ளி கிடைக்கும். ரேஸின் தரத்தைப் பொறுத்துப் பெனல்டிக்குக் கீழ் எல்லையும் உண்டு, உலகக் கிண்ணத்தில் அது 0.

பட்டியலில் ஏறுறது அந்தப் பிரிவில் எடுத்த சிறந்த இரண்டு முடிவின் சராசரி. ஒரே ஒரு முடிவுதான் எண்டால் 20 சதவீதம் கூட்டுவினம், 100.50 எண்டது 120.60 ஆகும். எனவே முதல் வருஷத்தில் இரண்டு ஒழுங்கான முடிவு எடுக்கும் வரைக்கும் பட்டியல் இலக்கத்தைப் பெரிதாக எழுதாமல் விடுறது நல்லம்.

ஒஸ்லோ_கேட்ஜட்ஜ்

டிஎஸ்கியூ எண்டால் தகுதி நீக்கம். கேட்டைக் கடந்ததாக எடுக்க இரண்டு ஸ்கீ நுனியும் இரண்டு பாதமும் கேட் கோட்டைத் தாண்ட வேணும். ஸ்லாலத்தில் கம்பு முழங்காலுக்கு மிகக் கிட்டப் போகும், அதால ஒரு ஸ்கீ கம்புக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் எண்டு போகிறதுதான் அடிக்கடி நடக்கிற பிழை. ஓடுற பிள்ளைக்கே அது தெரியாமல் போகலாம், கடைசி வரைக்கும் இறங்கி நேரமும் விழும். பிறகுதான் தாளில் டிஎஸ்கியூ வரும். டிஎன்எஃப் வேறு, அது முடிக்கவில்லை எண்டது. டிஎன்எஸ் எண்டால் இறங்கவேயில்லை.

கேட்டுகளைப் பார்த்து நிற்கிற கேட் ஜட்ஜின் அட்டையில் பிப் நம்பர், கேட் நம்பர், நடந்தது என்ன எண்டு சிறு படத்தோட இருக்கும். ரன் முடிந்ததும் ரெஃபரி டிஎஸ்கியூ பட்டியலைப் பலகையில் போடுவார். அது போட்டு 15 நிமிஷத்துக்குள் எதிர்ப்பு எழுத்தில் குடுக்க வேணும். ஃபிஸ் ரேஸ்களில் 100 சுவிஸ் ஃபிராங்க் வைப்புப் பணமும் கட்ட வேணும், எதிர்ப்பு சரியெண்டால் அது திரும்பக் கிடைக்கும். இதைச் செய்ய வேண்டியவர் அணித் தலைவர் அல்லது கோச், பெற்றோர் இல்லை. 16ஆவது நிமிஷத்தில் எவ்வளவு தெளிவான வீடியோ கொண்டுவந்தாலும் பயனில்லை. ஒவ்வொரு ரன் முடிவிலும் ஒரு ஆள் பலகைக்குப் பக்கத்தில் நிற்க வேணும், அவ்வளவுதான்.

கேட்டை விட்டிட்டால் திரும்ப ஏறி வரலாமோ? முழுசா நின்று போனால் ஜயன்ட் ஸ்லாலம், சூப்பர் ஜி, டவுன்ஹில் மூன்றிலும் தொடரக்கூடாது. பின்னால் ஆள் வந்துகொண்டிருக்கும், மோதினால் உயிராபத்து. ஸ்லாலத்தில் மட்டும், அடுத்த ஆளுக்கு இடைஞ்சல் இல்லையெண்டால், அவர் தாண்டிப் போகாமலும் இருந்தால், ஏறி வந்து அந்தக் கேட்டை எடுக்கலாம். பாதையில் யாரும் குறுக்கே நின்று தடை வந்தால் உடனே வெளியே வந்து கிட்ட நிற்கிற கேட் ஜட்ஜிடம் ரீ-ரன் (திரும்ப ஓட விடுறது) கேட்க வேணும். தடைக்குப் பிறகும் கீழே வரைக்கும் ஓடிப்போட்டுக் கேட்டால் குடுக்கமாட்டினம். பிள்ளைகளுக்கு இதைச் சீசன் தொடங்க முதலே சொல்லி வைக்க வேணும். அந்த நேரத்தில் யோசிக்க இரண்டு செக்கன்கூடக் கிடைக்காது.

நிலாவெளி_உப்பு

உப்பு பனியை உருக்கும் எண்டது சரி. அந்த உருகலே பாதையை இறுக்குது. ஈரப் பனியில் உப்புப் படும்போது மணிகளின் மேற்பரப்பு உருகும். உருகிறதுக்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள பனியிலிருந்தே இழுக்கும். பனியின் வெப்பநிலை இறங்கும், மணிகளுக்கு இடையில் நின்ற தண்ணி உறைந்து எல்லாத்தையும் ஒட்ட வைக்கும். சாதாரண சோடியம் குளோரைட்தான், எங்கட உப்பளத்தில் வாருற அதே பொருள்.

பொடி உப்பு உடனே வேலை செய்யும், கெதியில முடியும். கல்லுப்பு மெதுவாக, ஆழமாகப் போகும். அதால இரண்டையும் நேரத்துக்கு ஏற்பப் பாவிப்பினம். காய்ந்த குளிர்ப் பனியில் போட்டால் ஒன்றும் நடக்காது, தண்ணி வேணும். முழுக்கக் கூழாகின பிறகு போட்டாலும் தாமதம். தெளிந்த வானமும் காய்ந்த காற்றும் இருந்தால் நல்லாப் பிடிக்கும், மப்பும் மழையும் எண்டால் கெதியில விட்டுப்போகும். போட்டவுடன் ரேஸ் விடுறதில்லை. ஸ்கீயைக் குறுக்காக வைத்துச் சறுக்கி மேற்பரப்பை மட்டப்படுத்தி, இறுகும் வரைக்கும் காத்திருப்பினம்.

விலை ஒன்றுண்டு: அடுத்த நாள் அந்தப் பாதை அடியில் சீனி மாதிரி உதிரும். இரண்டு நாள் ரேஸில் முதல் நாள் உப்பு நிறையப் போட்டதாக அறிவித்தல் வந்தால், இரண்டாம் நாள் ரேஸ் வேறு பாதைக்கு மாறுறதுக்கும் ரத்தாகிறதுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

உவர்மலை_மலர்

எல்லாருக்கும் பெரிய நன்றி. 11ஆம் இடத்துக்கும் 22ஆம் இடத்துக்கும் சதவீதம் போட்டுப் பார்க்கிறன். ஸ்கீ பற்றியும், இஞ்ச இருந்து லைவ் டைமிங் பார்க்கிறவைக்கு எத்தனை மணி எண்டும் ஒருக்கா சொல்லுங்கோ.

சூரிச்_திருமலையான்

யு16இல் ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீக்குக் குறைந்தது 17 மீற்றர் ரேடியஸ். ஃபிஸ் பெண்கள் பிரிவில் 188 செ.மீ. நீளம், 30 மீற்றர் ரேடியஸ். இது சின்ன மாற்றமில்லை. 30 மீற்றர் ஸ்கீ தானாக வளையாது, ஆள் பாரம் குடுத்து வளைக்க வேணும். மெலிந்த பிள்ளைக்குக் கடும் இறுக்கமான ஸ்கீ வாங்கினால் திருப்பமெல்லாம் வழுக்கிப் போகும். நீளம், ரேடியஸ் இரண்டும் ஸ்கீயிலேயே அச்சிட்டிருக்கும். பணத்தை அக்காவிட்ட குடுங்கோ, மொடலைக் கோச் தெரிவு செய்யட்டும். ஒரு சீசன் ஓடின ஸ்கீயும் பரவாயில்லை, ஆனால் பக்க விளிம்பில் இரும்பு எவ்வளவு மிச்சமிருக்கு எண்டு பார்க்க வேணும். அரம் போட்டுப் போட்டு அது தேய்ந்து போயிருக்கும்.

ஹெல்மெட்டில் "ஃபிஸ் ஆர்எச் 2013" ஒட்டி இருக்க வேணும், இல்லாவிட்டால் ஜயன்ட் ஸ்லாலம் ஓட விடமாட்டினம். ஸ்லாலத்துக்கு முகக் கம்பி போடலாம், மற்றப் பிரிவுகளில் கழற்ற வேணும்.

பழைய ஸ்கீ வாங்கினால் மெழுகைக் கவனியுங்கோ. ஃபுளோரின் கலந்த மெழுகு 2023/24 சீசனிலிருந்து ஃபிஸ் போட்டிகளில் தடை. பழைய ஸ்கீயின் அடியிலும், பழைய அயன், பிரஷ்களிலும் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். ஃபுளோரின் இல்லாத மென்மையான மெழுகைச் சூடாகப் பூசி, ஆற முதலே வழிக்க வேணும், சில தரம். பிரஷை மட்டும் புதுசா வாங்குறதுதான் பாதுகாப்பு. அயனில் புகை வந்தால் சூடு கூடிப்போச்சு, ஸ்கீயின் அடி கருகினால் பிறகு மெழுகு உறிஞ்சாது.

விளிம்பு பொதுவாகப் பக்கத்தில் 87 பாகை, அடியில் 0.5 முதல் 1 பாகை வரை. கல்லில் பட்ட இடம் வெப்பத்தில் இறுகிப் போயிருக்கும், அதை முதலில் டயமண்ட் ஸ்டோனால் எடுத்திட்டுத்தான் அரம் போட வேணும், இல்லாவிட்டால் அரத்தின் பல்தான் போகும். அரம் போட்ட பிறகு தொங்கிற பிசிறை எடுக்காமல் விட்டால் ஸ்கீ திருப்பத்தில் பிடித்து இழுக்கும்.

நேரம்: குளிர்காலத்தில் ஒன்ராறியோவுக்கும் திருகோணமலைக்கும் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். அங்க காலை 9.30க்கு ரேஸ் எண்டால் திருகோணமலையில் இரவு 8 மணி. மார்ச் இரண்டாவது ஞாயிறு அவை மணிக்கூட்டை மாற்றின பிறகு ஒன்பதரை மணித்தியாலம், அப்ப இரவு 7 மணி. லைவ் டைமிங்கில் தெரியிற இடம் இறுதியானது இல்லை. டிஎஸ்கியூ பட்டியல் போட்டு 15 நிமிஷம் முடிந்து, "உத்தியோகபூர்வம்" எண்டு வந்த தாளைப் பார்த்த பிறகு எழுதி அனுப்புங்கோ அக்கா.